துணிக் குழாயில் கிருமி குடியேறினால்

பெரியப்பாவின் வேட்டியில் அந்தக் கறையை முதலில் பார்த்தவர் பெரியம்மா. இடது தொடை இடுக்கை ஒட்டி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, வெளிர் மஞ்சளாக இருந்தது. துவைத்ததும் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தது. 14 மாதங்களுக்கு முன்பு அவருக்குக் காலில் பைபாஸ் அறுவை செய்திருந்தார்கள். அந்தத் தழும்பின் மேல்முனையில் ஊசி குத்தியது போல ஒரு சிறு துளை. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டார், துளை மூடிக்கொண்டது. மாத்திரையை நிறுத்திய பத்தாம் நாள் திறந்துகொண்டது. இப்படியே மூன்று முறை.

ரத்தக் குழாய் அறுவை மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "உள்ளே வைத்த குழாயை எடுத்தாக வேண்டும், ஐயா" என்றார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: ஒரு பொட்டுச் சீழுக்கு இவ்வளவு பெரிய அறுவையா? நல்ல ஆன்டிபயாடிக் போட்டால் ஆறாதா? நானும் அதைத்தான் கேட்டேன். விடை தேடிப் படித்ததிலும், பொறுமையாக விளக்கிய மருத்துவர்களிடம் கேட்டதிலும் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பம் எங்களைப் போல மூன்று மாதத்தை வீணாக்கிவிடக் கூடாது.

முதலில், அந்தக் குழாய் என்ன என்று பார்ப்போம். புகை, சர்க்கரை நோய், வயது இவற்றால் தமனிக்குள் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைப்பு வரும். அல்லது வயிற்றின் பெருந்தமனி பலூன் போல வீங்கி, வெடிக்கும் நிலைக்குப் போகும். அடைபட்ட வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே மறுவாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடைமடைக்குக் கொண்டுபோவது போல, அடைப்புக்கு மேலிருந்து கீழே ஒரு புதுக் குழாய் வைத்து ரத்தத்தைக் கொண்டுபோவதுதான் பைபாஸ். நோயாளியின் சொந்தச் சிரை கிடைத்தால் அதுவே நல்லது. காலின் உட்புறம் தோலுக்குக் கீழே ஓடும் நீண்ட சிரையை எடுத்து வைப்பார்கள். அது மெலிந்திருந்தாலோ, முன்பே எடுத்துப் பயன்படுத்தியிருந்தாலோ, பெருந்தமனி போலப் பெரிய குழாய் தேவைப்பட்டாலோ செயற்கைக் குழாய்தான். அதை கிராஃப்ட் என்கிறார்கள்.

அதன் வரலாறு ஒரு நூலிழையில் தொடங்குகிறது. 1947இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர், நாயின் இதய அறைக்குள் தவறுதலாக விட்டுப்போன ஒரு பட்டுத் தையல் நூலைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தார். நூலின் மேல் மினுமினுப்பான ஒரு மெல்லிய படலம் படர்ந்திருந்தது. நூலில் படரும் என்றால் துணியிலும் படரும், துணியைக் குழாயாகச் சுருட்டினால் அது ரத்தத்தைத் தாங்கும் என்று யோசித்தார். 1950களின் தொடக்கத்தில் மனிதர்களிடமும் துணிக் குழாயைப் பொருத்தினார்கள். ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் ஒரு துணிக்கடைக்குப் போய் நைலான் கேட்டார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக டாக்ரான் என்று ஒன்று வந்திருக்கிறது என்று கொடுத்தார்கள். அதை வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே குழாயாகத் தைத்தார். அந்த டாக்ரான், அதாவது பாலியெஸ்டர், இன்றுவரை பெருந்தமனிக்கான முதன்மைப் பொருள். கால் தமனிக்கும், டயாலிசிஸுக்காகக் கையில் வைப்பதற்கும் பெரும்பாலும் வேறொரு பொருள்: ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் டெஃப்லானையே இழுத்து நுண்துளைகள் கொண்டதாக ஆக்கியது. வெள்ளை வெளேரென்று, பார்ப்பதற்கு இடியாப்ப மாவைக் குழலில் பிழிந்தது போல இருக்கும். பெரியப்பாவுக்கு வைத்தது இதுதான்.

வூர்ஹீஸ் பார்த்த படலம் மனித உடலில் குழாய் முழுக்கப் படர்வதில்லை. இரு முனைகளிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை வரும், அங்கேயே நின்றுவிடும். நடுப்பகுதி எத்தனை ஆண்டு ஆனாலும் உயிரற்ற துணியாகவே இருக்கிறது. இந்த நோயின் வேர் இதில்தான் இருக்கிறது.

மருந்து ஏன் போதவில்லை?

நம் உடலின் பெரிய தமனிகளின் சுவருக்குள்ளேயே மயிரிழை போன்ற சிறு ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சுவருக்கு உணவும், வெள்ளை அணுக்களும், நாம் விழுங்கும் மருந்தும் அவற்றின் வழியே போய்ச் சேரும். செயற்கைக் குழாயின் சுவரில் அப்படி எதுவும் இல்லை. அதன் உள்ளே நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது. ஆனால் அதன் சுவருக்கென்று ஒரு சொட்டு ரத்தமும் வருவதில்லை. துணியின் இழைகளுக்கு இடையில் ஒரு கிருமி போய் உட்கார்ந்துவிட்டால் அதைத் தேடிப் பிடிக்க ஆளே கிடையாது.

உட்கார்ந்த கிருமி சும்மாவும் இருப்பதில்லை. தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, கூட்டமாக அதற்குள் பதுங்கிக்கொள்கிறது. குளத்துப் படிக்கட்டில் கை வைத்தால் வழுக்கும் பாசிப் படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் மந்தமாக, மெதுவாகப் பெருகிக்கொண்டு வாழ்கின்றன. பல ஆன்டிபயாடிக்குகள் வேகமாகப் பெருகும் கிருமிகளைத்தான் நன்றாகக் கொல்லும். அதனால் மாத்திரை சாப்பிடும்போது படலத்தைவிட்டு வெளியே வந்த கிருமிகள் சாகின்றன, சீழ் நிற்கிறது, துளை மூடுகிறது. மாத்திரை நின்றதும் உள்ளே இருக்கும் கூட்டத்திலிருந்து மறுபடி ஆள் வருகிறது. பெரியப்பாவின் வேட்டியில் மூன்று முறை நாங்கள் பார்த்தது இதைத்தான்.

அந்நியப் பொருள் ஒன்று உள்ளே இருந்தால் உடல் எவ்வளவு பலவீனமாகிவிடுகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள், தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். சீழ்க்கட்டி வரப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூலை வைத்தால் சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. ஒரு நூலுக்கே இப்படியென்றால், முப்பது நாற்பது சென்டிமீட்டர் நீளத் துணிக் குழாய்க்கு எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அறுவையின்போது, நோயாளியின் தோலிலிருந்தே. அதிலும் தொடை இடுக்கு மிக மோசமான இடம். வியர்வை, மடிப்பு, பக்கத்திலேயே மலவாய், போதாததற்கு வெட்டினால் நாள்கணக்கில் கசியும் நிணநீர்க் குழாய்கள். வயிற்றுக்குள் மட்டுமே இருக்கும் குழாயில் தொற்று வருவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் என்றால், தொடை இடுக்கில் இணைக்கப்பட்ட குழாயில் அது நூற்றில் ஆறு வரை போகிறது. முதல் சில வாரங்களிலேயே காய்ச்சலும் சிவப்புமாக வந்தால் அது பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற முரட்டுக் கிருமி. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சத்தமில்லாமல் வருவது அதன் சாதுவான உறவினர், எல்லோர் தோலிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். சாது என்று நம்பிவிடக் கூடாது. இது குழாயைத் தமனியோடு இணைத்த தையல் இடத்தை மெல்ல அரித்து, ஒரு நாள் தையலையே விட்டுப் பிரியச் செய்துவிடும்.

அறுவைத் தழும்பில் வரும் எல்லாச் சீழும் குழாய்த் தொற்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1972இல் டெட்ராய்ட்டில் சிலாகி என்ற அறுவை மருத்துவர் மூன்று படிகளாகப் பிரித்தார்: தோலோடு நிற்பது, தோலுக்குக் கீழுள்ள கொழுப்புவரை போவது, குழாயையே தொடுவது. முதல் இரண்டும் பெரும்பாலும் மருந்திலும் புண்ணைச் சுத்தம் செய்வதிலும் ஆறிவிடும். நாம் பேசுவது மூன்றாவதைப் பற்றி. எந்தப் படி என்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிடி ஸ்கேன் வேண்டும். குழாயைச் சுற்றி நீரோ காற்றுக் குமிழியோ இருப்பது அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் இயல்பு. காற்று அந்த வாரங்களைத் தாண்டியும், நீர் மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், தொற்று இருக்கும் இடத்தை ஒளிரக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுப்பார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் போகிற விஷயம். வயிற்றுப் பெருந்தமனியில் வைத்த குழாய்க்கு முன்னால், அதன் மேல் படிந்தாற்போலக் குறுக்கே போகிறது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. குழாய் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நடுவில் நல்ல சதைத் திரை இல்லையென்றால் ஆண்டுக்கணக்கான உரசலிலும் தொற்றிலும் குடல் அரிக்கப்பட்டு, குழாயோடு ஒட்டி, ஓட்டை விழுந்துவிடும். முதலில் கொஞ்சம் ரத்தவாந்தி, அல்லது தார் போலக் கறுத்த மலம். பிறகு அது தானாக நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று வீட்டில் நிம்மதியடைவார்கள். சில மணி நேரத்திலோ சில நாளிலோ அடுத்தது வரும். அதைத் தாங்குவது அரிது. வயிற்றில் இந்தக் குழாய் இருப்பவர் யாராக இருந்தாலும், கறுத்த மலம் போனால், அவசரப் பிரிவில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "எனக்கு வயிற்றில் செயற்கை ரத்தக் குழாய் வைத்திருக்கிறார்கள்" என்பது. அல்சராக இருக்கும் என்று எண்டோஸ்கோப்பியோடு நின்றுவிடாமல் இருக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

எடுத்தால் மட்டும் போதுமா?

கெட்டுப்போன பல்லைப் பிடுங்குவது போலக் குழாயைப் பிடுங்கிவிட முடியாது. காலுக்குப் போகும் ரத்தம் முழுக்க அதன் வழியேதான் போகிறது. எடுத்த சில மணி நேரத்தில் கால் சில்லிட்டு நீலமாகும். அதனால் இந்த அறுவையில் எப்போதும் இரண்டு வேலைகள். கிருமி பிடித்த குழாயையும் சுற்றியுள்ள அழுகிய சதையையும் எடுக்க வேண்டும். ரத்தத்துக்கு வேறு வழியும் செய்ய வேண்டும். புது வழியைப் பழைய இடத்திலேயே வைத்தால் அங்கே கிருமி காத்திருக்கிறது. புது இடத்தில் வைத்தால் பாதை நீளமாகிறது. இந்த இக்கட்டுக்கு அறுபது ஆண்டுகளாக அறுவை மருத்துவர்கள் தேடிய விடைகள்தான் இனி வருபவை.

பழைய விடை, சுற்றுவழி. சேறான வயலைத் தொடாமல் வேறு வயல் வழியாக வாய்க்கால் கொண்டுபோவது. 1963இல் பிளைஸ்டெல் முதலிய அறுவை மருத்துவர்கள், அக்குளின் தமனியிலிருந்து விலாப்பக்கமாகத் தோலுக்குக் கீழேயே ஒரு நீண்ட குழாயை இறக்கித் தொடைத் தமனியில் இணைத்தார்கள். கைக்குப் போகும் ரத்தத்தில் ஒரு பங்கு இரு கால்களையும் காப்பாற்றுகிறது. தோலைத் தொட்டாலே அந்தக் குழாயின் துடிப்பு விரலுக்குத் தெரியும். முதலில் சுத்தமான இடத்தில் இந்த வழியை அமைத்துவிட்டு, ஓரிரு நாள் கழித்து வயிற்றைத் திறந்து கெட்ட குழாயை எடுப்பது வழக்கம். நோயாளியின் உடலுக்கும் இடையில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். இதன் குறைகள் இரண்டு. நீண்ட குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய பயம், வயிற்றில் வெட்டித் தைத்து மூடிய பெருந்தமனியின் முனை. தொற்று படிந்த இடத்தில், இதயத்தின் முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு அந்தத் தையல் நிற்க வேண்டும். சில நாளிலோ சில மாதத்திலோ அது வெடித்தால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

புதிய விடை, பழைய இடத்திலேயே வைப்பது, ஆனால் கிருமிக்கு இடம் கொடுக்காத பொருளால் வைப்பது. அப்படிப்பட்ட பொருள்களில் சிறந்தது நோயாளியின் சொந்தச் சதை. 1993இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் கிளாகெட் குழுவினர், தொடையின் ஆழத்தில் தமனியோடு சேர்ந்து ஓடும் பெரிய சிரையை எடுத்துப் புதுப் பெருந்தமனியே செய்து காட்டினார்கள். இந்த அறுவையைச் சற்று அருகே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இதைப் படித்தபோது நான் வியந்துபோனேன்.

இரு தொடைகளும் இடுக்கிலிருந்து முழங்கால்வரை திறக்கப்படுகின்றன. உள்ளே தமனியோடு ஒட்டிக்கொண்டு, பென்சிலைவிடத் தடித்த, நீலம் பாரித்த சிரை. அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஒவ்வொரு கிளையையும் நூலால் இரட்டையாகக் கட்டி வெட்டுகிறார்கள். ஒரு கட்டு நழுவினாலும் பின்னர் வயிற்றுக்குள் ரத்தம் பீறிடும் என்பதால் அவசரமே படுவதில்லை. சிரைக்குள் ரத்தத்தை ஒரே திசையில் விடும் கதவுகள் உண்டு. பாவாடை நாடாவை உட்புறம் வெளியே வரும்படி புரட்டுவது போல மொத்தச் சிரையையும் புரட்டி, கண்ணுக்குத் தெரியும் அந்தக் கதவுகளைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, மறுபடி நேராகப் புரட்டுகிறார்கள். இரண்டு சிரைகளையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால் கவட்டை மாதிரி பிரியும் ஒரு புதுக் குழாய். அழுகியதை எல்லாம் சுரண்டி எடுத்துக் கழுவிய இடத்தில் அதைப் பொருத்துகிறார்கள். அது உயிருள்ள சதை. சுற்றிலுமிருந்து அதற்குள் ரத்தம் ஊறும், வெள்ளை அணு வரும், மருந்து வரும். காலிலோ, ஆழத்தில் இருக்கும் இன்னொரு சிரை வேலையை ஏற்றுக்கொள்கிறது. சிலருக்குச் சில மாதம் வீக்கம் இருக்கும்.

என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதில் நேர்மையான தீர்வு. ஆனால் எட்டு மணி நேரம்வரைகூட ஆகும். ரத்தவாந்தி எடுத்துக்கொண்டு வரும் எழுபது வயதுக்காரருக்கு அந்த நேரம் கிடையாது. அவருக்கு உடனே கையில் கிடைக்கும் பொருள் வேண்டும். அப்படி மூன்று உண்டு. இறந்தவர் தானமாகக் கொடுத்து மிகக் குறைந்த வெப்பநிலையில் உறைய வைத்த மனிதத் தமனி. இதற்குத் திசு வங்கி அருகில் இருக்க வேண்டும். மாட்டின் இதய உறையைப் பதப்படுத்திய தாள். அறுவை மேசையிலேயே தேவையான அகலத்துக்குச் சுருட்டிக் குழாயாகத் தைத்துக்கொள்வார்கள். மூன்றாவது, மறுபடியும் டாக்ரான்தான், ஆனால் ரிஃபாம்பிசினில் ஊறவைத்தது. காசநோய்க்குக் கொடுக்கும் அதே ரிஃபாம்பிசின். வெள்ளைக் குழாய் அரை மணி நேரத்துக்குள் செங்கல் நிறமாகிவிடும். வீரியம் குறைந்த கிருமிக்கு இது போதும். சீழ் தேங்கி நிற்கும் இடத்திலும் முரட்டுக் கிருமி இருக்கும் இடத்திலும் இதை நம்ப முடியாது.

எதை வைத்தாலும் மேலே உயிருள்ள சதையால் போர்த்துவது கட்டாயம். வயிற்றில் குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. அதன் ரத்த ஓட்டத்தை அறுக்காமல் இழுத்துக் குழாயைச் சுற்றிவிடுகிறார்கள். தொடை இடுக்கில் சம்மணமிட உதவும் நீண்ட தசையை இடம்பெயர்த்து மேலே படுக்கவைக்கிறார்கள். இந்தப் போர்வை இடைவெளியை அடைக்கிறது, ரத்தத்தோடு மருந்தையும் கொண்டுவருகிறது.

குழாயை எடுக்காமலே காப்பாற்றுவதும் உண்டா என்றால், உண்டு, கடுமையான நிபந்தனைகளோடு. தொற்று வந்து கொஞ்ச நாளே ஆகியிருக்க வேண்டும், தையல் இடம் உறுதியாக இருக்க வேண்டும், ரத்தக்கசிவு இருக்கக் கூடாது, குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கிருமி சூடோமோனாஸ் போன்ற கொடியதாக இருக்கக் கூடாது. அப்போது புண்ணைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து, உறிஞ்சும் கட்டு போட்டு, தசையால் மூடிப் பார்க்கிறார்கள். டயாலிசிஸுக்காகக் கையில் வைத்த குழாயில் ஊசி குத்தும் ஒரு பகுதி மட்டும் சீழ் பிடித்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்து, சுத்தமான தோல் வழியே புதுத் துண்டை இணைத்து, டயாலிசிஸ் நிற்காமல் பார்த்துக்கொள்ள முடிகிறது. குழாய் முழுக்கப் பரவி, காய்ச்சலும் குளிரும் வந்துவிட்டால் முழுவதையும் எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆபத்தை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வயிற்றுக் குழாய்க்கான இந்த அறுவையில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை முதல் மாதத்தைத் தாண்டுவதில்லை. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் கணக்கு இன்னும் மோசம். ஆனாலும் மருத்துவர்கள் அறுவையையே சொல்வதற்குக் காரணம், மருந்தை மட்டும் நம்பி விட்டுவிட்ட வயிற்றுக் குழாய்த் தொற்றில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை என்பதுதான். அறுவையைத் தாங்கவே முடியாத முதியவர்களுக்கு மட்டும், வாழ்நாள் முழுக்க மாத்திரையோடு, தொற்றை அடக்கிவைத்துப் பார்க்கிறார்கள். அறுவைக்குப் பிறகும் ஆறு வாரம் சிரை வழியாக ஊசி மருந்து, அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை என்பது பொதுவான முறை. எந்த மருந்து என்பதை எடுத்த குழாயிலிருந்து வளர்த்தெடுக்கும் கிருமி சொல்லும். அறுவைக்கு முன்னால் கண்டபடி மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஆய்வகத்தில் ஒன்றுமே வளராது, மருத்துவர் இருட்டில் மருந்து கொடுக்க வேண்டியதாகும். எங்கள் வீட்டின் மூன்று மருந்துக்கடைப் பயணங்களும் செய்த கெடுதல் இது.

பெரியப்பாவின் கால் சிரை மெலிந்திருந்ததால்தான் முதலில் செயற்கைக் குழாய் வைத்திருந்தார்கள். இரண்டாம் அறுவையில் இரு கைகளிலிருந்தும் சிரை எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, பழைய தடத்தைவிட்டு விலகிப் புதிதாகக் குடைந்த வழியில் வைத்தார்கள். எடுத்த குழாயை மருத்துவர் எங்களுக்குக் காட்டினார். நன்றாகப் பிடித்த குழாயைச் சுற்றிச் சதை இறுகி ஒட்டியிருக்கும், பிரித்தெடுக்கக் கத்தி வேண்டும். இது இழுத்ததும் உறையிலிருந்து வாள் வருவது போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது என்றார். எஃகுத் தட்டில் கிடந்த அதன் மேல் சாம்பல் நிறத்தில் கஞ்சி போல ஏதோ படிந்திருந்தது. ஒரு துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதிர்வலையில் வைத்துக் குலுக்கிப் படலத்தை உதிர்த்த பிறகு, ஐந்தாம் நாளில்தான் எபிடெர்மிடிஸ் வளர்ந்தது.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. பீடியை விட்டுவிட்டார். சர்க்கரை அளவை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார். மாலையில் கொடியிலிருந்து வேட்டியை எடுக்கும்போது பெரியம்மா இன்னமும் அந்த இடது ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மடிக்கிறார்.